பழைய ஃபெண்டர் பேஸ் கிதார் வாங்குகிறீர்களா? ஒரிஜினலா என்று பார்ப்பது எப்படி?

செகண்ட் ஹேண்டில் பேஸ் கிதார் வாங்கப் போகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பெரும்பாலும் ஃபெண்டரின் ப்ரிசிஷன், ஜாஸ் என்ற இரண்டு மாடல்களை வைத்துத்தான் பதில் சொல்லியிருக்கிறேன். அதிகம் கைமாறுவதும் அவைதான், போலி என்று சந்தேகத்தோடு கேட்கப்படுவதும் அவைதான். ரிக்கன்பேக்கர், மியூசிக் மேன் என்ற வேறு இரண்டு நிறுவனங்களின் பேஸ்கள் பற்றிப் பின்னால் கொஞ்சம் உண்டு.

ஒரிஜினல் என்று எதைச் சொல்வது?

இதை முதலில் தீர்த்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிது. முழு டூப்ளிகேட் ஒரு வகை: எங்கோ மலிவாகச் செய்து, ஃபெண்டர் லோகோ ஒட்டி வருவது. இன்னொன்று, ஸ்குவையர் (ஃபெண்டரின் விலை குறைந்த பிராண்ட்) மாதிரி ஒரு பேஸின் ஹெட்ஸ்டாக்கை, அதாவது கம்பியை முறுக்கும் ட்யூனர்கள் இருக்கும் தலைப்பகுதியைத் தேய்த்து, மேலே ஃபெண்டர் லோகோ ஒட்டியது. அப்புறம், நெக் ஓரிடம், பாடி ஓரிடம், பிக்கப் (கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் காந்தப் பாகம்) வேறிடம் என்று வாங்கிப் பூட்டியது. இதில் ஒவ்வொரு பாகமும் நிஜமான ஃபெண்டராகவே இருக்கலாம். ஆனால் அந்த பேஸ் அந்த உருவத்தில் எந்தத் தொழிற்சாலையிலிருந்தும் வெளியே வரவில்லை. கடைசி வகை, தொழிற்சாலையில் பிறந்த பேஸ்தான். வழியில் ட்யூனரோ பிரிட்ஜோ மாறியிருக்கும்.

இந்தக் கடைசி வகையைப் போலி என்று சொல்வது அநியாயம். ஐம்பது வருஷம் மேடையில் உழைத்த கருவியில் நாலு பாகம் மாறத்தான் செய்யும். விற்பவர் அதைச் சொல்கிறாரா, விலையில் அது தெரிகிறதா என்பதுதான் விஷயம்.

ஆகவே நான் தேடுவது ஒன்றைத்தான்: நெக், பாடி, பாட் (வால்யூம், டோன் குமிழுக்கு அடியில் இருக்கும் மின் பாகம்), பிக்கப், பெயின்ட் எல்லாம் ஒரே காலத்தைச் சொல்கின்றனவா? ஒரே ஓர் அடையாளத்தை வைத்து ஒரு பேஸை ஒரிஜினல் என்று தீர்மானிக்க முடியாது. ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும் ஐந்தாறு அடையாளங்கள் வேண்டும்.

சீரியல் நம்பரை ஃபெண்டர் தளத்தில் போட்டுப் பார்த்தேன், வருஷம் சரியாக வந்தது. அது போதாதா?

போதாது. இப்படி ஓர் எண் ஒரு காலத்தில் வழங்கப்பட்டது என்பதை மட்டும்தான் அந்தத் தளம் சொல்லும். உங்கள் கையில் இருக்கும் மரத்துக்குத்தான் அந்த எண் வழங்கப்பட்டது என்று அது சொல்லாது. போலி செய்கிறவர் நிஜமான ஒரு பேஸின் படத்தைப் பார்த்து அதே எண்ணைப் போட்டுக்கொள்ளலாம்.

அதிலும் ஐம்பதுகளின் நடுப்பகுதியிலிருந்து 1976 வரைக்கும் ஃபெண்டர் பேஸ்களில் எண் இருந்தது பின்பக்க நெக் பிளேட்டில். ஸ்க்ரூக்களைக் கழற்றினால் கையோடு வந்துவிடும் தகடு அது. பழைய தகடுகள் தனியாக விற்பனைக்கு வருகின்றன, புதிதாக எண் அடித்த நகல் தகடுகளும் கிடைக்கின்றன. தகட்டை நம்பி லட்சங்களில் பணம் கொடுக்காதீர்கள்.

சரி, அந்த எண்களை எப்படிப் படிப்பது?

1963 முதல் 65 வரை தகட்டில் ‘எல்’ எழுத்தோடு தொடங்கும் எண்களைப் பார்க்கலாம். 1965 ஜனவரியில் சிபிஎஸ் நிறுவனம் ஃபெண்டரை வாங்கியது. அந்த ஆண்டிலிருந்து 76 வரை தகட்டில் பெரிய ‘எஃப்’ எழுத்து பொறித்திருக்கும். 1976இல் எண் ஹெட்ஸ்டாக்குக்கு ஏறியது. அமெரிக்கத் தயாரிப்புகளில் எழுபதுகளுக்கு ‘எஸ்’, எண்பதுகளுக்கு ‘இ’, தொண்ணூறுகளுக்கு ‘என்’, 2000 முதல் ‘இசட்’, 2010 முதல் ‘யுஎஸ்’. மெக்ஸிகோவில் செய்தவை தொண்ணூறுகளில் ‘எம்என்’, 2000 முதல் ‘எம்இசட்’, 2010 முதல் ‘எம்எக்ஸ்’. பழைய மாடல்களை அப்படியே மறுபடி செய்த அமெரிக்க வின்டேஜ் வரிசைக்கு ‘வி’.

இதில் ஒழுங்கு குறைவு என்பதை மறக்க வேண்டாம். 1984க்கான ‘இ4’ எண்கள் 87 வரைகூடப் பயன்பட்டிருக்கின்றன. 1990இல் ‘என்0’ என்று வர வேண்டிய இடத்தில் சிலவற்றில் ‘என்9’ என்று தவறாக அச்சானது. அவை எல்லாம் ஒரிஜினல்தான். எண் ஓரிரு வருஷம் முன்பின் இருந்தால் பயப்பட வேண்டாம். பத்து வருஷம் தள்ளி இருந்தால் எழுந்து வந்துவிடலாம்.

விற்பவர் வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். கையில் கருவி எதுவும் இல்லை. என்ன பார்க்கலாம்?

ஒரு அளவு டேப் மட்டும் கொண்டுபோங்கள். நட்டிலிருந்து (நெக்கின் மேல்முனையில் கம்பிகள் உட்காரும் பள்ளமிட்ட துண்டு) 12ஆவது ஃப்ரெட் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கோடு) வரை அளந்தால் ப்ரிசிஷனிலும் ஜாஸிலும் 432 மில்லிமீட்டர் வர வேண்டும். இரண்டுக்கும் ஸ்கேல் நீளம், அதாவது கம்பியின் அதிரும் பகுதியின் நீளம், 34 அங்குலம், அதில் பாதி இது. நட்டின் அகலம் ஜாஸில் 38 மில்லிமீட்டர். ப்ரிசிஷனில் காலத்தையும் மாடலையும் பொறுத்து 41 முதல் 44 வரை. பழைய மாடல்களில் ஃப்ரெட் 20தான்.

அப்புறம் ஹெட்ஸ்டாக்கின் வளைவைப் பாருங்கள். மலிவான டூப்ளிகேட் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது இங்கேதான். கீழ்ப்பக்க வளைவு கூர்மையாகவோ, நுனி உருண்டை சின்னதாகவோ இருக்கும். அதே வருஷத்து நிஜ பேஸின் படத்தை போனில் திறந்து, நேர் கோணத்தில் வைத்து ஒப்பிடுங்கள். ஹெட்ஸ்டாக்கின் பின்புறத்தைச் சாய்வான வெளிச்சத்தில் பார்த்தால், எண்ணையோ ‘மேட் இன்’ வரியையோ தேய்த்து எடுத்த இடம் மங்கலாகத் தெரியும். ட்யூனரைச் சுற்றிப் பயன்படாத பழைய ஸ்க்ரூ ஓட்டைகள் இருந்தால், ஏன் மாற்றினீர்கள் என்று கேளுங்கள்.

எடையை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஒரே வருஷத்து இரண்டு பேஸ்களில் ஒரு கிலோ வித்தியாசம் சாதாரணம்.

நெக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டுமா? விற்பவர் சம்மதிப்பாரா?

வின்டேஜ் என்று சொல்லி வின்டேஜ் விலை கேட்டால், கட்டாயம் கழற்றிப் பார்க்க வேண்டும். நியாயமாக விற்பவர் மறுக்க மாட்டார். பயமாக இருந்தால் அவரே கழற்றட்டும், அல்லது அவருக்குத் தெரிந்த ரிப்பேர்காரரிடம் இருவரும் சேர்ந்து போகலாம். எந்தச் சமாதானமும் இல்லாமல் மறுத்தால், அதுவே ஒரு பதில்.

கம்பிகளை நன்றாகத் தளர்த்திவிட்டு, ஸ்க்ரூக்களைக் கொஞ்சம் கொஞ்சமாக எல்லாவற்றையும் சேர்த்துத் தளர்த்துங்கள். எந்த ஓட்டையில் எந்த ஸ்க்ரூ இருந்தது என்று வரிசையாக வையுங்கள். திரும்பப் பூட்டும்போது முதலில் இடப்பக்கமாகத் திருப்புங்கள். ‘டக்’கென்று பழைய மரையில் விழுவது கையில் தெரியும், அதன் பிறகு முறுக்குங்கள். நேரடியாக முறுக்கினால் புது மரை வெட்டி மரத்தைக் கெடுத்துவிடும். இடையில் மெல்லிய அட்டைத் துண்டு இருந்தால் எறிந்துவிடாதீர்கள். நெக்கின் சாய்வைச் சரிசெய்ய வைத்தது அது.

கழற்றியதும் எதைப் பார்ப்பது?

நெக்கின் அடிப்பகுதியில் தேதி இருக்கும். 1962 தொடக்கம் வரை பென்சிலில் கையால் எழுதினார்கள், அதன் பிறகு ரப்பர் ஸ்டாம்ப். ‘7 மே 64 ஏ’ என்பது மாதிரி ஆங்கிலத்தில் இருக்கும். இதைப் பலர் மே 7ஆம் தேதி என்று படிக்கிறார்கள். முதலில் வரும் எண் நாள் இல்லை, மாடல் எண். 7 என்றால் ஜாஸ் பேஸ், 5 என்றால் ப்ரிசிஷன். கடைசி எழுத்து நட் அகலம்: ஏ என்றால் ஒன்றரை அங்குலம், பி ஒன்றே ஐந்தெட்டு, சி ஒன்றே முக்கால். ஆக, ஜாஸ் என்று விற்கும் அறுபதுகளின் நெக்கில் 5 என்று தொடங்கும் ஸ்டாம்ப் இருந்தால் ஏதோ இடிக்கிறது.

எழுபதுகளில் நிலைமை மாறுகிறது. நீளமான எண் வரிசைகள் வருகின்றன, பல நெக்குகளில் தேதியே இருக்காது. தேதி இல்லாததை மட்டும் வைத்து எழுபதுகளின் பேஸை ஒதுக்க வேண்டாம்.

நெக் உட்காரும் குழியையும் பாருங்கள். அறுபதுகளின் தொடக்கத்திலிருந்து, பெயின்ட் அடிக்கும்போது பாடியைப் பிடிக்க அந்தக் குழியில் ஒரு குச்சியைத் திருகினார்கள். குச்சி மறைத்த இடத்தில் பெயின்ட் இல்லாத நீளத் தடம் இருக்கும். 1964 வரையிலான பாடிகளில், காயவைக்க அடித்த சின்ன ஆணிகளின் ஓட்டைகள் முன்பக்கத் தகடான பிக்கார்டுக்கு அடியிலும் மற்ற இடங்களிலும் இருக்கும். அந்த ஓட்டைக்குள் பெயின்ட் இறங்கியிருந்தால், ஆணியைப் பிடுங்கிய பிறகு யாரோ மறுபடி பெயின்ட் அடித்திருக்கிறார்கள். இந்த இரண்டு தடயங்களும் எனக்கு எந்த எண்ணையும்விடப் பெரியவை. நம்பரை யாரும் அச்சடிக்கலாம்; மரத்துக்குள் இப்படிப்பட்ட தடயத்தைப் பொருத்தமாக உருவாக்க நிறைய மெனக்கெட வேண்டும்.

பாட் கோட் என்கிறார்களே, அது என்ன?

வால்யூம், டோன் குமிழ்களுக்கு அடியில் இருக்கும் பாட்டின் உடம்பில் ஆறேழு இலக்க எண் அடித்திருக்கும். முதல் மூன்று இலக்கம் பாட் செய்த நிறுவனம்: 137 என்றால் சிடிஎஸ், 304 என்றால் ஸ்டாக்போல், 134 என்றால் சென்ட்ரலாப். அடுத்தது வருஷமும் வாரமும். ‘304 6134’ என்றால் ஸ்டாக்போல், 1961, 34ஆவது வாரம். ஐம்பதுகளின் பாட்களில் வருஷத்துக்கு ஒரே இலக்கம்தான் இருக்கும். கடைசி இரண்டு இலக்கம் 52ஐத் தாண்டினால் நீங்கள் தவறாகப் படிக்கிறீர்கள்.

இந்த எண் சொல்வது ஒரு பக்க எல்லையைத்தான். பாட்டைவிட பேஸ் பழையதாக இருக்க முடியாது, புதியதாக இருக்கலாம். 1966இல் ஃபெண்டர் சிடிஎஸ் பாட்களை மொத்தமாக வாங்கிக் குவித்து, அறுபதுகளின் கடைசி வரை பயன்படுத்தியது. அதனால் 1969 பேஸில் 66 பாட் இருப்பது இயல்பு. 1964 என்று விற்கும் பேஸில் 66 பாட் இருந்தால், பாட் மாறியிருக்கிறது, அல்லது பேஸே 64 இல்லை.

சால்டரையும் கவனியுங்கள். பழைய சால்டர் மங்கலாக இருக்கும், ஒரே கையால் வைத்ததுபோல் இருக்கும். ஒன்று மட்டும் பளபளவென்று, சுற்றிலும் பழுப்புப் பிசினோடு இருந்தால் அங்கே வேலை நடந்திருக்கிறது. அறுபதுகளின் பெரும்பகுதியில் துணி சுற்றிய வயர்தான். ஆனால் அதே மாதிரி வயர் இப்போதும் தாராளமாகக் கிடைப்பதால், அதை மட்டும் பார்த்து நம்பிவிட வேண்டாம்.

ஃப்ரெட்போர்டு மரத்திலிருந்து ஏதாவது தெரியுமா?

நிறையத் தெரியும். 1959 முதல் 62 நடுப்பகுதி வரை ஃபெண்டர் ரோஸ்வுட்டைத் தடித்த பலகையாக ஒட்டியது. நெக்கின் அடிமுனையைப் பார்த்தால் ரோஸ்வுட்டும் மேப்பிளும் சேரும் கோடு நேராக இருக்கும். அதன் பிறகு மெல்லிய தகடாக வளைத்து ஒட்டினார்கள், கோடு வில்போல் வளைந்திருக்கும். 1961 என்று சொல்லி வளைந்த கோட்டைக் காட்டினால் கேள்வி கேளுங்கள். இடக்குறிப் புள்ளிகள் 1964 கடைசி வரை களிமண் நிறத்தில் மந்தமாக இருக்கும், பிறகு முத்துப்போல் மின்னும். ஜாஸ் பேஸில் 1966 முதல் புள்ளிகள் போய்ச் செவ்வகக் கட்டங்கள் வந்தன.

மரமும் மாறியது. முதலில் பிரேசில் ரோஸ்வுட், அறுபதுகள் போகப்போக இந்திய ரோஸ்வுட். அதாவது நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஈட்டி மரம்தான். வெளிநாட்டிலிருந்து வாங்குகிறவர்களுக்கு இது சட்ட விஷயமும்கூட. பிரேசில் ரோஸ்வுட் 1992 முதல், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் மிகக் கடுமையான பட்டியலில் இருக்கிறது, அனுமதிச் சீட்டு இல்லாமல் எல்லை தாண்டக் கூடாது. மற்ற ரோஸ்வுட் வகைகளுக்கு 2017இல் வந்த கட்டுப்பாட்டிலிருந்து, செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பரில் விலக்கு கிடைத்துவிட்டது.

லோகோ அச்சு அசலாக இருக்கிறதே?

லோகோ ஸ்டிக்கர்தான் இருப்பதிலேயே மலிவான பாகம். எல்லாக் காலத்து லோகோவும் நகலாகக் கிடைக்கிறது. ‘நகத்தால் தடவினால் ஸ்டிக்கரின் விளிம்பு தட்டுப்பட்டால் போலி’ என்று ஒரு பேச்சு உண்டு, அதை விட்டுவிடுங்கள். ஐம்பது, அறுபதுகளின் நிஜ ஃபெண்டர்களில் ஸ்டிக்கர் லாக்கருக்கு மேலேதான் இருந்தது, விளிம்பு தட்டுப்படும். 1968 வாக்கில்தான் மேலே லாக்கர் அடிக்கத் தொடங்கினார்கள்.

அதே சமயம் பெயின்டில் ஒரு நல்ல தடயம் உண்டு. 1968இலிருந்து பாடிக்கும் நெக்குக்கும் தடித்த பாலியெஸ்டர் பூச்சு வந்தது, ஆனால் ஹெட்ஸ்டாக்கின் முகத்துக்கு மட்டும் பழைய நைட்ரோ (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கரே தொடர்ந்தது. அதனால் அந்தக் கால பேஸ்களில் முகம் மஞ்சளேறி, நெக்கின் பின்புறம் வெளிறி இருக்கும். முழு நெக்கும் ஒரே மாதிரி மஞ்சளாக இருந்தால், பிறகு யாரோ சாயம் சேர்த்து அடித்திருக்கலாம்.

சின்ன புற ஊதா டார்ச் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இருட்டில் அடித்தால் பழைய நைட்ரோ பச்சை கலந்த மஞ்சளாக ஒளிரும். பிறகு பூசிய இடம் கறுப்புத் திட்டாக நிற்கும்.

மெக்ஸிகோ, ஜப்பான் என்று போட்டிருந்தால் போலியா?

இல்லவே இல்லை. மெக்ஸிகோவில் என்செனாடாவில் ஃபெண்டருக்குச் சொந்தத் தொழிற்சாலை 1987 முதல் இருக்கிறது. ஜப்பானில் 1982இல் தொடங்கினார்கள். அங்கே ஃபுஜிஜென் என்ற நிறுவனம் செய்த ‘ஜேவி’ எண் கொண்ட 1982–84 ஸ்குவையர்கள் இன்றைக்குத் தேடிப் பிடித்து வாங்கப்படுபவை. அப்படி ஒரு ஜேவி ஸ்குவையரின் தலையைத் தேய்த்து ஃபெண்டர் லோகோ ஒட்டியிருப்பதைப் பார்த்தால் மனசு வலிக்கிறது. தன் பெயரிலேயே நல்ல மதிப்புள்ள கருவியைக் கெடுத்துவிட்டார்கள்.

வாசித்துப் பார்த்தாலே தெரிந்துவிடாதா?

தெரியாது. நல்ல பேஸா என்று தெரியும். 1965ஆ 1985ஆ என்று காது சொல்லாது.

பாகம் மாறியிருந்தால் விலை எவ்வளவு குறைய வேண்டும்?

வின்டேஜ் பேஸில் பாடிக்கு மறுபெயின்ட் அடித்திருந்தால் மதிப்பு ஏறக்குறைய பாதி என்பது சந்தையில் பொதுவாகச் சொல்லும் கணக்கு. ட்யூனர், பிரிட்ஜ் மாற்றத்துக்கு அவ்வளவு குறையாது, பழைய பாகம் பெட்டியில் பத்திரமாக இருந்தால் இன்னும் நல்லது. வாசிக்க வாங்குகிறவருக்கு மறுபெயின்ட் அடித்த அறுபதுகளின் பேஸ்தான் சரியான தேர்வு என்று நான் அடித்துச் சொல்வேன். பாதி விலையில் அதே மரம், அதே பிக்கப்.

ரிக்கன்பேக்கர் வாங்கலாம் என்று இருக்கிறேன். விலை ரொம்பக் குறைவாகச் சொல்கிறார்.

ரிக்கன்பேக்கர் என்ற பெயரில் ‘வேறு நாட்டுத் தயாரிப்பு, அதனால் மலிவு’ என்று ஒன்று கிடையாது. கலிஃபோர்னியாவில் சான்டா ஆனாவில் மட்டுமே செய்கிறார்கள். 4001, 4003 மாடல்களில் நெக் பாடியின் கடைசி வரை ஒரே மரமாக ஓடும். பின்னால் நாலு ஸ்க்ரூவோடு தகடு இருந்தால் பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். ஸ்கேல் முப்பத்து மூன்றே கால் அங்குலம். நட்டிலிருந்து 12ஆவது ஃப்ரெட்டுக்கு 422 மில்லிமீட்டர். 432 வந்தால் அது வேறு ஏதோ. பல பத்தாண்டுகளாக இந்த மாடல்களில் பெயர்ப் பலகைக்கு அடியில் இரண்டு ட்ரஸ் ராட் (நெக்கின் வளைவைச் சரிசெய்ய உள்ளே ஓடும் உலோகக் கம்பி) திருகு நட்டுகள் இருந்தன. டூப்ளிகேட்டில் பெரும்பாலும் ஒன்று. சீரியல் எண் ஜாக் தகட்டில் இருக்கும்.

மியூசிக் மேன் ஸ்டிங்ரே?

1976இல் வந்த மாடல். நாலு ட்யூனரில் மூன்று ஒரு பக்கம், ஒன்று மறுபக்கம். எர்னி பால் 1984இல் நிறுவனத்தை வாங்கியது. அவர்கள் காலத்து ஸ்டிங்ரேகளில் நீண்ட காலம் நெக்குக்கு ஆறு ஸ்க்ரூ. ஹெட்ஸ்டாக்கில் ‘ஸ்டெர்லிங் பை மியூசிக் மேன்’ என்றோ ‘ஓஎல்பி’ என்றோ இருந்தால் அது போலி இல்லை, உரிமம் பெற்ற விலை குறைந்த வரிசை. அந்தப் பெயரை அழித்து மியூசிக் மேன் என்று ஒட்டியிருந்தால்தான் பிரச்சினை.

வேறு ஊரிலிருந்து, படத்தை மட்டும் பார்த்து வாங்குகிறேன்.

ஹெட்ஸ்டாக் முன்னும் பின்னும், நெக் பிளேட், கழற்றிய நெக்கின் அடிப்பகுதி, நெக் குழி, பிக்கார்டைத் தூக்கிய பாடி, ஒவ்வொரு பாட்டின் எண்ணும் படிக்கும் அளவுக்கு நெருக்கமான படம். இவ்வளவும் கேளுங்கள். அவற்றில் ஒன்றில் நீங்கள் சொல்லும் ஒரு சொல்லை எழுதிய தாளைப் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். வேறு விளம்பரத்திலிருந்து எடுத்த படம் என்றால் அதைச் செய்ய முடியாது. பணத்தைத் திரும்பப் பெற வழி இருக்கும் முறையில் கட்டுங்கள்.

திருட்டுப் பொருளாக இருந்தால்?

விற்பவரிடம் பழைய பில், பழைய படம் கேளுங்கள். எண்ணை இணையத்தில் தேடுங்கள். பேஸ் உலகில் இது புதிதல்ல. மோட்டவுன் இசை நிறுவனத்தின் பாடல்களில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனின் 1962 ப்ரிசிஷன், 1983இல் அவர் இறப்பதற்குச் சில நாள் முன்பு திருடுபோனது, இன்றுவரை கிடைக்கவில்லை. பால் மெக்கார்ட்னி 1961இல் ஹாம்பர்கில் வாங்கிய ஹோஃப்னர் 500/1, 1972இல் லண்டனில் திருடுபோய், அவரிடமே திரும்பி வந்துவிட்ட செய்தி 2024 பிப்ரவரியில் வெளியானது. அதுதான் அந்த பேஸ் என்று செய்த நிறுவனமே பார்த்து உறுதிசெய்தது.

ஏற்கெனவே வாங்கிவிட்டேன். இப்போது பார்த்தால் போலி. என்ன செய்வது?

முதலில் படங்களோடு விற்றவருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். இணைய விற்பனைத் தளம் வழியாக வாங்கியிருந்தால் அவர்கள் சொல்லும் கெடுவுக்குள் புகார் கொடுங்கள். அது வரை பேஸில் எதையும் மாற்றாதீர்கள். பணம் திரும்ப வராவிட்டால், வாசிக்க நன்றாக இருக்கும்வரை வாசியுங்கள். விற்க நினைத்தால் ஃபெண்டர் லோகோவை எடுத்துவிட்டு, ‘பாகங்கள் சேர்த்த பேஸ்’ என்று தெளிவாக எழுதி, நெக்கின் அடிப்பகுதியையும் பாட் எண்களையும் படம் பிடித்துப் போட்டு விற்கலாம்.